அப்படி யாரும் இங்கே இல்லை

அண்ணா,

இதை எழுத வேண்டியவர் அப்பா. மத்தியானம் காட்டுப்பள்ளித் துறைமுகத்திலிருந்து ஷிப்ட் முடிந்து வந்தவர், குளிக்கக்கூடப் போகாமல் இருந்து, நான் பள்ளியிலிருந்து வந்ததும் என் கணக்கு நோட்டின் நடுத்தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். "மகனுக்கு அப்பா எழுதுவது. சாப்பிட்டாயா" என்று எழுதினார். அதற்குமேல் ஓர் எழுத்தும் நகரவில்லை. கப்பலில் கண்டெய்னர்களைக் கம்பியால் இறுக்கிக் கட்டுகிற கையில் பேனா நிற்காமல் வழுக்கியது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார். "நீயே எழுதும்மா. நான் எழுதுனா அவன் தப்புக் கண்டுபுடிச்சிகினு இருப்பான், விஷயத்தப் படிக்க மாட்டான்." ஆகவே இது அப்பாவும் அம்மாவும் மகனுக்கு எழுதும் கடிதம். கை மட்டும் என்னுடையது என்று சொல்லலாம், ஆனால் என் கோபமும் ஆங்காங்கே கலந்து வரும், பொறுத்துக்கொள். வீட்டில் நாம் நைனா என்றுதான் கூப்பிடுகிறோம், எழுதும்போது எனக்கு அப்பா என்றே வருகிறது.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ பாதியில் மடித்து வைத்தாலும் இது மட்டும் தெரிந்திருக்க வேண்டும். நாளை சனிக்கிழமை காலை, விலாசம் சரிபார்க்கிறவர் மறுபடியும் நம் வீட்டுக்கு வருகிறார். உன் போன் அணைந்தே கிடப்பதால் அப்பாவின் நம்பருக்குக் கூப்பிட்டார். நீ நேரில் இருக்க வேண்டுமாம், ஆதார் அட்டையோடு வாசலில் நிற்க வைத்து ஒரு படம் எடுப்பாராம். இந்த முறையும் ஆள் இல்லை என்று போனால் கம்பெனி அதோடு முடித்துக்கொள்ளும், வேலைக்கு எடுத்த கடிதம் செல்லாது என்றார். குரலில் கோபம் இல்லை, அவருக்கும் இது ஒரு நாளைய வேலைதான். நீ நாளைக் காலை வீட்டில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். மீதியெல்லாம் ஏன் இப்படி ஆயிற்று என்பது.

உனக்குத் தெரிந்ததையும் எழுதப்போகிறேன், ஏனென்றால் உனக்குத் தெரிந்ததும் எனக்குத் தெரிந்ததும் ஒன்றில்லை. இந்தக் கடிதத்தை நான் ஒட்டவும் போவதில்லை. தெருமுனைக் கடை அண்ணாச்சி இதுவரை எழுதியதைப் படித்துவிட்டார். நீ தங்கியிருக்கிற வீட்டுச் சலீம் அண்ணன் உன்னிடம் தருவதற்குமுன் படிப்பார், படிக்கட்டும். நம் வீட்டில் நடந்ததெல்லாம் யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொண்டதால் வந்தது, அதனால் இதையாவது எல்லோரும் படிக்கட்டும் என்று அப்பாவிடம் சொல்லி அனுமதி வாங்கிவிட்டேன்.

சோழிங்கநல்லூர் ஆபீசில் உன்னை ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டு, திரையில் யாரோ பேசி, வெளியே வருவதற்குள் கதவு திறக்கிற அட்டை வேலை செய்யாமல் போனதை நீ வெகு நாள் கழித்துத்தான் சொன்னாய். அதுவரை "இனிமே வீட்டிலிருந்தே வேலை" என்றாய். அம்மா சந்தோஷப்பட்டாள், பிள்ளைக்கு அலைச்சல் மிச்சம் என்று. எனக்கு முன்னாடியே சந்தேகம் இருந்தது அண்ணா. நீ மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாய், ஆனால் விசைகளின் சத்தமே கேட்காது. முன்பெல்லாம் நீ தட்டும்போது நான் படிக்க முடியாமல் சண்டை போடுவேனே. அந்தச் சத்தம் நின்ற பிறகும் எனக்குப் படிப்பு ஓடவில்லை.

பிறகு இன்டர்வியூக்கள் தொடங்கின. நீ ஜன்னல்களைச் சாத்திவிட்டுச் சமையலறைக்குள் போய் உட்காருவாய், அம்மா குக்கரை இறக்கிவைத்துவிட்டு வெளியே வந்து நிற்பாள். வீட்டை ஒட்டிய எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குள் போக வரிசையில் நிற்கிற டிரெய்லர் லாரிகள் எங்கே சொன்னால் கேட்கப்போகின்றன. சரியாக நீ உன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கும்போது ஒருவன் ஹாரனை அமுக்குவான், பின்னால் இருப்பவன் பதிலுக்கு அமுக்குவான். எதிர்முனையில் இருந்த அம்மையார், நீங்கள் ரோட்டில் இருக்கிறீர்களா என்று கேட்டார். சென்னையில் எந்தப் பகுதி என்றும் கேட்டார். நீ "கடற்கரைக்குப் பக்கத்துல" என்றாய். பொய்யில்லைதான். அன்றைக்கு இரவு சாப்பிடும்போது அப்பா "இன்னாடா ஆச்சு, கீதா இல்லியா?" என்று கேட்டதற்கு, நீ வேலையைப் பற்றிச் சொல்லாமல், "கீது கீதுன்னு பேசாத நைனா, எனக்கும் அதே வாய்ல வருது" என்றாய். அப்பா அப்புறம் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். ஒரு வாரம் உன் முன்னால் பார்த்துப் பார்த்துப் பேசினார். "கீதா"வுக்குப் பதிலாக "இருக்கிறதா" என்று அவர் சொன்னபோது அம்மாவுக்குச் சிரிப்பு வந்து உள்ளே போய்விட்டாள்.

வேலை போய்விட்டதை நீ அம்மாவிடம்தான் முதலில் சொன்னாய். மூன்றாவது சுற்றுவரை போய் ஒரு கம்பெனி பதிலே போடாமல் விட்ட நாள். அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். "அதுக்கு இன்னாடா, சாப்டு" என்றாள், குழம்பை ஊற்றினாள். அவளுக்குத் தெரிந்த மருந்து அது. அப்பாவுக்குத் தெரிந்த மருந்து வேறு. மறுநாள் காலை டீக்கடையில், யார்டில், கேண்டீனில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனிடம், "என் பையனுக்கு வேல பூட்சுபா, கம்ப்யூட்டர் படிச்சவன், எங்கனா கீதா?" என்று கேட்டுக்கொண்டே போனார். நீ அன்றைக்குக் கத்திய கத்தலை நான் மறக்கவில்லை. ஆனால் அவர் அப்படித்தான் பிழைத்தவர் அண்ணா. எண்ணூரில் அவர் வேலை பார்த்த கம்பெனி கதவைச் சாத்தியபோது, வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் வந்தாராம். அம்மாவுக்கே மூன்றாவது ஆள் சொல்லித்தான் தெரியுமாம், இன்றைக்கும் அதைச் சொல்லித் திட்டுவாள். அப்படிச் சொல்லித் திரிந்ததில்தான் யாரோ ஒருவர் காட்டுப்பள்ளியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கைகாட்டினார். அவருக்கு வேலை போவது வயிற்றுவலி மாதிரி, வாயைத் திறந்து சொன்னால்தான் யாராவது மருந்து சொல்வார்கள்.

உன் உலகம் அப்படியில்லை என்று நீ எனக்கு மட்டும் விளக்கினாய், ஞாபகம் இருக்கிறதா. "வேலைல இருக்கறவனுக்குத்தான் வேல குடுப்பாங்க பாப்பா. இல்லாதவன்னு தெரிஞ்சா, இவன்கிட்ட இன்னாவோ கோளாறுன்னு நெனைப்பாங்க." எனக்கு அது புதிதாக இருந்தது. அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர், "அப்ப வேல இல்லாதவனுக்கு யாரு தாம்மா குடுப்பான்?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அந்தக் கேள்வியை அப்படியே உனக்கு எழுதுகிறேன்.

யார்டு வாசலில் லாரி நம்பர் பதிகிற வேலைக்கு அவர் உனக்காக மேஸ்திரியிடம் கேட்டு வைத்ததற்கு நீ, "நான் இன்னா படிச்சிருக்கேன்னு தெரியுமா உனக்கு?" என்றாய். அவருக்குத் தெரியாது. ஆனால் தெரியாமலேயே உன்னைப் படிக்க வைத்தார். இதை நான் குத்திக்காட்டுவதற்காக எழுதவில்லை, எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கவும் மனமில்லை.

அப்புறம் இந்த வேலை வந்தது. சின்னக் கம்பெனிதான், சம்பளம் முன்னைவிடக் குறைவுதான் என்றாய். ஆனால் மடிக்கணினியைத் திருப்பி அந்தக் கடிதத்தை அம்மாவுக்குக் காட்டியபோது உன் காது மடல் சிவந்திருந்தது. அம்மா இறால் உரிக்கிற கையால் இங்கிலீஷில் இருந்த உன் பெயரைத் தொட்டுப் பார்த்தாள், திரையில் இறால் வாசனை ஒட்டிக்கொள்ளும் என்று நீ சிரித்துக்கொண்டே துடைத்தாய். எங்களிடம் ஒரே ஒரு கட்டளை போட்டாய்: "சேர்ற வரைக்கும் தெருவுல யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது. நைனா, குறிப்பா நீ." அப்பா வாயில் விரலை வைத்துக் காட்டினார். அந்தச் சத்தியத்தை அவர் காப்பாற்றினார் அண்ணா, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விஷயத்தைத் தெருவில் சொல்லாமல் இருந்தார். விலாசம் சரிபார்க்க ஓர் ஆள் வருவார் என்று நீயும் எங்களிடம் சொல்லவில்லை. போன் செய்துவிட்டு வருவார்கள் என்று நினைத்திருப்பாய்.

அவர் போன் செய்யவில்லை. செவ்வாய்க்கிழமை காலை வந்தார். நான் பள்ளிக்கூடத்தில், நீ சலீம் அண்ணன் வீட்டில். இறால் கொட்டகைக்குச் சரக்கு வராததால் அம்மா மட்டும் வீட்டில் இருந்தாள். சட்டையை உள்ளே விட்டுக் கட்டியிருந்தாராம், கழுத்தில் ஓர் அட்டை, கையில் ஒரு கோப்பு. முதலில் தெருமுனையில் அண்ணாச்சியிடம் கேட்டிருக்கிறார், "விக்னேஷ்வரன்னு ஒருத்தர் வீடு எது?" அண்ணாச்சி, "அப்படி ஒரு பேரே இந்தத் தெருவுல கெடையாதுங்க" என்றாராம். பிறகு கதவு எண்ணைப் பார்த்துக்கொண்டே வந்து, நம் வாசலில் நின்று, ஒன்றும் சொல்லாமல் போனை நீட்டிக் கதவைப் படம் எடுத்திருக்கிறார். அதைத்தான் அம்மா முதலில் பார்த்தாள்.

"இன்னா சார் வோணும்?"

"விக்னேஷ்வரன் இருக்காரா?"

"யாரு?"

"விக்னேஷ்வரன். வயசு இருபத்தாறு. இந்த அட்ரஸ்தான் போட்டிருக்கு."

"அப்படி யாரும் இங்க இல்ல சார். நீ வேற தெரு பாரு."

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"நானா? நான் யாருக்கும் ஒண்ணும் இல்ல சார். வேல கீது, போ."

பக்கத்து வீட்டிலும் கேட்டிருக்கிறார். அம்மா தலையை ஆட்டியதைப் பார்த்துவிட்டு அவர்களும் தலையை ஆட்டினார்கள். யாரும் யாரோடும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. நம் தெருவில் அதற்குப் பேச்சு தேவையில்லை.

ஏன் தேவையில்லை என்று உனக்குத் தெரியும், ஆனால் கோபத்தில் மறந்துவிட்டாய். நீ கல்லூரியில் இரண்டாம் வருஷம். நான் சின்னப் பெண், இருந்தாலும் எனக்கு அந்தச் சாயங்காலம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. இதே மாதிரி சட்டையை உள்ளே விட்ட இரண்டு பேர், இதே மாதிரி உன் முழுப்பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். முழுப்பெயர் சொல்லிக் கேட்டதால் அம்மா கல்லூரியிலிருந்து வந்த வாத்தியார்கள் என்று நினைத்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. "உள்ளதான் சார் கீறான், படிச்சிகினு கீறான், உக்காருங்க, டீ போடறேன்" என்றாள். அடுப்பில் பால் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் உன்னைப் போலீஸ் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்றார்கள். வேறு ஏதோ ஊரில், வேறு ஏதோ அடிதடியில் சம்பந்தப்பட்ட, உன் பெயரே கொண்ட வேறு ஒருவனைத் தேடி வந்திருக்கிறார்கள். அதை அவர்கள் ஒப்புக்கொள்வதற்குள், அப்பாவும் உன் பேராசிரியரும் போய் நின்று பேசுவதற்குள், மறுநாள் நீ எழுத வேண்டிய பரீட்சை முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் நீ செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அம்மாவைப் பார்த்து, "நீ ஏம்மா இருக்கேன்னு சொன்னே?" என்றாய். அது ஒன்றுதான் கேட்டாய். அம்மா அதற்குப் பிறகு உன் பெயரை முழுசாகச் சொல்லி யார் கேட்டாலும் என்ன சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். நம் தெருவும் முடிவு செய்துவிட்டது.

புதன்கிழமை உனக்கு மெயில் வந்தது. அந்த முகவரியில் அப்படி ஒருவர் வசிக்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் உறுதிப்படுத்தினர் என எழுதியிருந்தது. நீ அதை வாய்விட்டுப் படித்தாய். அம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. நீ அவளைப் பார்த்து, "நீ ஏம்மா இல்லன்னு சொன்னே?" என்றாய். பழைய கேள்வியையே மாற்றிக் கேட்கிறோம் என்று உனக்குத் தெரிந்திருக்காது. நீ பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாய், வாசலில் திரும்பி, "எல்லாருமா சேந்து இல்லன்னு சொல்லிட்டீங்க இல்ல. நான் இல்லாமலே போறேன். யாரும் பின்னால வராதீங்க" என்றாய்.

அந்த வாக்கியத்தை நீ கோபத்தில் சொன்னாய். அதை அம்மா எப்படிக் கேட்டாள் என்று நீ யோசித்தாயா? போன் வேறு அணைத்துவிட்டாய். அன்றைக்கு இருட்டுகிறவரை அம்மா கடற்கரைக் கற்களின் மேல் நடந்துகொண்டிருந்தாள் அண்ணா, திருவொற்றியூரிலிருந்து காசிமேடு பக்கம்வரை. எதற்கு நடக்கிறாள் என்று எங்களிடம் சொல்லவில்லை, கீழே தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அப்பா பின்னாலேயே போய்க் கூட்டி வந்தார். சலீம் அண்ணன் போன் செய்து, "எங்க வூட்லதான் கீறான், எம்.கே.பி. நகர்லதான் கீறான், பேச மாட்டேங்கிறான், வேற ஒண்ணுமில்ல" என்று சொன்ன பிறகுதான் தண்ணீர் குடித்தாள். "இன்னொரு தபா சொல்லுப்பா" என்று கேட்டு, இன்னொரு முறையும் சொல்ல வைத்தாள். நேற்று முழுக்க என்னிடம் ஒரே கேள்வி: "அன்னிக்கு கீறான்னு சொன்னேன், கேட்டான். இன்னிக்கு இல்லன்னு சொன்னேன், அதுக்கும் கேக்கறான். நான் இன்னாதான் சொல்றது பாப்பா?" நான் நூலகத்தில் எவ்வளவோ படித்திருக்கிறேன் என்று நீ கேலி செய்வாய். இதற்கு என்ன சொல்வது என்று எதிலும் இல்லை.

அண்ணாச்சி இதைப் படித்துவிட்டு ஒரு வரி சேர்க்கச் சொன்னார், அப்படியே எழுதுகிறேன். "ஏல தம்பி, உன் பேரு விக்னேஷ்வரன்னு எனக்கு எவனும் சொல்லலியே. இத்தன வருசமா கடையில பாபுன்னுதான வந்து நிக்க. பாபு வீடு எதுன்னு கேட்டிருந்தா, கடையப் பூட்டிட்டு நானே கூட்டியாந்து விட்டுருப்பேன்." அம்மா அவரைத் திட்டினாள், "ஆமா, நீ கூட்டியாந்திருந்தா மட்டும் நான் கீறான்னு சொல்லியிருப்பனாக்கும்" என்று. இந்த மூன்று நாளில் அவள் அப்படிப் பேசியது அப்போதுதான். அப்பா இன்றைக்கு உன் கட்டளையை மீறிவிட்டார். பள்ளியிலிருந்து நான் வரும்போது வீடு வீடாக நின்று சொல்லிக்கொண்டிருந்தார்: என் பையனுக்கு வேலை போயிருந்தது, இப்போது வந்திருக்கிறது, நம்ம வாயால் நின்றுபோயிருக்கிறது, நாளைக்கு ஓர் ஆள் வருவான், அவன் போலீஸ் இல்லை, கேட்டால் கீறான் என்று சொல்லுங்கள். பேரையும் சொல்லிக்கொடுத்தார். பக்கத்து வீட்டு அக்கா அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார், பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி. உனக்கு வெட்கமாக இருக்கும், தெரியும். எனக்கும் கொஞ்சம் இருந்தது. ஆனால் யாருமே சிரிக்கவில்லை அண்ணா. ஒருவர்கூட, இவனிடம் என்ன கோளாறு என்று கேட்கவில்லை.

பெரியவர்கள் இந்த இடத்தில் புத்திமதி எழுதுவார்கள். என்னிடம் பெரிதாக இல்லை. இந்த வேலை போனால் இன்னொன்று என்று பெருந்தன்மையாக நடிக்கவும் எனக்கு வரவில்லை. இந்த வேலை வேண்டும். நீ எத்தனை பேருக்கு முன்னால் சமையலறையில் உட்கார்ந்து உன்னைப் பற்றிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும், மறுபடி முதலிலிருந்து தொடங்க உன்னிடம் தெம்பில்லை, பார்த்துக்கொண்டிருக்க எங்களிடமும் இல்லை. ஆனால் நாளைக்கு நீ வந்து நின்றும்கூட அவர்கள் முடியாது என்று சொல்லலாம். அப்போதும் நீ வீட்டில் இருக்க வேண்டும் என்று அப்பா எழுதச் சொன்னார். இதை எழுதச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, முகம் கழுவுகிற சாக்கில் குழாயடிக்குப் போய்விட்டார். அம்மா எதுவும் எழுதச் சொல்லவில்லை. உன் ஆதார் அட்டையை எடுத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்காமல், வாசல் ஜன்னலில் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்திருக்கிறாள். நாளைக்கு அவர் வந்தால் கதவைத் தான்தான் திறப்பேன் என்கிறாள். அவர் மறுபடி "இருக்காரா" என்று கேட்டால், திரும்பி உள்ளே பார்க்கும்போது நீ அங்கே இல்லாமல் போனால், அவள் என்ன சொல்வாள் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இந்தக் கடிதத்தைச் சலீம் அண்ணன் உன் கையில் கொடுத்திருப்பார். கொண்டுவந்தவர் அப்பா. நீ பின்னால் வரவேண்டாம் என்று சொன்னதால் மாடி ஏற மாட்டேன் என்கிறார். எதிர்ப்பக்கம், மாவு மில்லுக்கு வெளியே நிற்பாராம். அவன் வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "நிப்பேன்" என்றார். காலையிலிருந்து சாப்பிடவில்லை. ஜன்னலைத் திறந்தால் தெரிவார். மேலே நிமிர்ந்து பார்க்க மாட்டார், நீ சங்கடப்படுவாய் என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இறங்கி வா, அண்ணா.